செல்லக்கனியின் நாலாவது பிள்ளை

பொய்கைக்குளத்தில் கத்தரிச் செடிகளுக்கு ஜாதகம் பார்த்துத்தான் கல்யாணம் செய்து வைப்பார்கள். வெண்டைக்கும் அவரைக்கும் அந்த வழக்கம் கிடையாது. அவை யாரோடு பழகுகின்றன, யாருக்குக் காய்க்கின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. கத்தரி அப்படியல்ல, மானம் ரோஷம் பார்க்கிற செடி. ஊதா வீட்டுப் பெண்ணை ஊதா வீட்டில்தான் கொடுப்பார்கள். ஊரில் வேறு நிறமே இல்லாததால் இதில் அதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை.

முகூர்த்தத்தன்று பெண் செடியை வேரும் மண்ணுமாகப் பெயர்த்துக் கூடையில் வைத்து, மேளதாளத்தோடு மாப்பிள்ளை வீட்டுப் பாத்திக்குக் கொண்டுபோவார்கள். குருக்கள் இரண்டு வீட்டாரிடமும் ஆளுக்கொரு பிடி மண் வாங்கி வேரடியில் போடுவார். "பிள்ளைக்கு அம்மையிடமிருந்து ஒரு பிடி, அப்பனிடமிருந்து ஒரு பிடி. ஊதாப் பிடி வாசலில் உட்காரும், வெள்ளைப் பிடி உள்ளே உட்காரும்" என்று ராகம் போட்டுச் சொல்வார். பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் அதை யாரும் காதில் வாங்கிக்கொள்வதில்லை. பிறகு பெண்ணின் தாய்மாமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் மகரந்தத்தைக் கோழி இறகால் தொட்டுப் பெண்ணின் பூவில் தடவுவார். தடவிய கையோடு பூவுக்கு மல் துணியில் பை கட்டிவிடுவார்கள். தேனீக்களுக்கு அந்த ஊரில் நல்ல பேர் கிடையாது.

தன் வீட்டுச் செடியின் காயைத் தன் வீட்டில் யாரும் தின்பதில்லை. பெற்ற பிள்ளையைத் தின்பார்களா? சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வெளியூர்க்காரர்கள் வாங்கித் தின்பதைப் பற்றி ஊருக்குக் கவலையில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைச் செடி முதன்முதலாகக் காய்க்கும்போது அந்தக் கன்னிக்காயைப் பெண்கள் பார்க்கக் கூடாது. ஆண்கள்தான் போய்ப் பறித்து, எல்லைச் சாமிக்குப் படைத்துவிட்டு, வரும் வழியில் சந்தைக் கத்தரிக்காய் வாங்கிவருவார்கள். அவர்களே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்து, அவர்களே இலை போட்டுப் பரிமாறுவார்கள். வருஷம் முழுக்க வெந்நீர் வைக்கக்கூடத் துப்பில்லாத இந்த மனிதர்களுக்கு அன்றைக்கு மட்டும் எப்படி இந்தக் கைப்பக்குவம் வருகிறது என்று பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கு ஒரு துக்கமும் கூடவே வரும். நாலு பிள்ளை இருந்தால் அதில் ஒன்றை வாடல் நோய் கொண்டுபோயிருக்கும். நாலுக்கு ஒன்று போவது அந்த மண்ணின் ராசி என்று பெண்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்கள்.

உலகம்மையும் அப்படித் தேற்றிக்கொண்டவள்தான். அவளுக்கு வேறு பிள்ளை குட்டி கிடையாது. விதையிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த செல்லக்கனி ஒருத்திதான். செல்லக்கனியோடு முளைத்த தம்பிச் செடி ஒன்று வாடலில் போன பிறகு, அவள் மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது. உலகம்மையின் கணவர் நல்லசிவன் தையல்கடை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அது அவருக்கு அதிகம். செல்லக்கனியை மேலத்தெரு ஆவுடையப்பன் வீட்டுக் குமரேசனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குமரேசன் நெடுநெடுவென்று வளர்ந்த ஊதாக் கத்தரி. குணமும் தங்கம்தான். வாரம் தவறாமல் உலகம்மை கடலைப் பிண்ணாக்குக் கரைத்து எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போய்வருவாள்.

ஒருநாள் காலையில் ஆவுடையப்பனின் மனைவி பிரமு உலகம்மையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"வாங்க மதினி, உள்ள வாங்க."

"உக்காரதுக்கு நேரமில்ல மதினி. பேரப்பிள்ளைக மூணும் ஊதாவாக் காய்ச்சது உங்களுக்குத் தெரியும். நாலாவது இன்னைக்குக் காய்ச்சிருக்கு. வெள்ளையா இருக்கு."

உலகம்மை கையிலிருந்த பிண்ணாக்குச் சட்டி நழுவி வாசலில் உடைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பிரமு சொன்னது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. ஊதாவும் ஊதாவும் சேர்ந்து வெள்ளை பெறுவதென்பதை அவள் கேட்டதே இல்லை.

"வெள்ளைன்னா?"

"வெள்ளைன்னா வெள்ளைதான். முட்டை கணக்கா."

"நீங்க எப்படிப் பாத்திய?"

"எங்க வீட்டுக்காரவுக கண் ஆபரேஷனுக்குத் தென்காசிக்குப் போயிட்டாவ. நாலாவது காய்க்க நாளாவும்னு நெனச்சுட்டுப் போயிட்டாவ போல. அது முந்திக்கிட்டு. தண்ணி விடப்போன எடத்துல என் கண்ணுல பட்டுட்டு. பாக்கக் கூடாததைப் பாத்துட்டேன், இனி என்ன செய்ய?"

உலகம்மை செருப்புகூடப் போடாமல் மேலத்தெருவுக்கு ஓடினாள்.

நாலாவது பிள்ளை பாத்தியின் ஓரத்தில் நின்றது. காய் வெள்ளைதான். சந்தேகத்துக்கே இடமில்லை. பக்கத்தில் நின்ற செல்லக்கனி தன் பெரிய இலை ஒன்றைச் சாய்த்து அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலை எட்டவில்லை. குமரேசன் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றான். மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று உலகம்மைக்குத் தெரியும். ஆனாலும் கண் முன்னால் வெள்ளை தொங்குகிறதே, அதை என்ன செய்வது?

"கல்யாணத்தன்னைக்குக் கட்டின பையில எங்கயோ ஓட்டை இருந்திருக்கு மதினி," என்றாள் பின்னாலேயே வந்த பிரமு. "தேனீ பூந்துருக்கு. நான் உங்களை ஒண்ணும் சொல்லலை. ஆனா ஊர் சொல்லுமே. நாளைக்குக் கூட்டத்துக்குச் சொல்லியாச்சு. மம்பட்டியும் எடுத்து வச்சாச்சு."

மண்வெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. தேனீயோடு போனதாகத் தீர்ப்பானால் பெண்ணைப் பெயர்த்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கத்தரி ஒரு தடவை பெயர்த்து நட்டால் பிழைக்கும். பூவும் பிஞ்சுமாக நிற்கிற வயதில் இரண்டாவது தடவை பெயர்த்தால் வீடு வந்து சேர்வதற்குள் போய்விடும். இது பிரமுவுக்கும் தெரியும், உலகம்மைக்கும் தெரியும்.

மறுநாள் பாத்தியைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஊர்க்கூட்டம் கூடியது. ஆவுடையப்பன் கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நல்லசிவன் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். ஊர்த் தலைவர் அழகியநம்பி நாலாவது பிள்ளையின் காயைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கல்யாணத்துல குருக்கள் சொல்லுத மொறைதான் நமக்குச் சட்டம். பிள்ளைக்கு ரெண்டு பிடி. ஒரு பிடி ஊதாவா இருந்தாலும் அது வாசல்ல உக்காந்துரும், வெள்ளை வெளிய தலை காட்டாது. வெள்ளை வாசலுக்கு வந்துருக்குன்னா ரெண்டு பிடியும் வெள்ளைன்னு அர்த்தம். ரெண்டும் எங்க இருந்து வந்துச்சுங்கதுதான் கேள்வி."

"எங்க குமரேசன்கிட்ட இருந்து வரலை," என்றாள் பிரமு. "எங்க வீட்ல ஏழு தலைமுறையா ஊதா."

"எங்க வீட்லயும் ஊதாதான்," என்றாள் உலகம்மை.

"அப்பன் பக்கத்துப் பிடியைத் தேனீ கொண்டாந்துச்சுன்னே வச்சுக்கிடுவோம். அம்மை பக்கத்துப் பிடி செல்லக்கனி குடுத்ததுதானே? அது வெள்ளையா இல்லாம இந்தப் பிள்ளை வெளுக்காது. உன் வீட்ல வெள்ளை உண்டா தாயி?" என்று கேட்டார் தலைவர்.

"கிடையவே கிடையாது. சத்தியம் பண்ணுதேன்."

பொய்கைக்குளத்தில் செடியின் தண்டைத் தொட்டுச் சத்தியம் செய்தால் அது உடனே பலிக்கும். பொய்யானால் செடி நின்ற நிலையில் காய்ந்துபோகும். அதனால் அங்கே யாரும் லேசில் சத்தியம் செய்வதில்லை. உலகம்மைக்கு ஒரு தயக்கமும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கி, செல்லக்கனியின் தண்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"உலகு, தொடாத," என்றார் நல்லசிவன்.

அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"செல்லக்கனிக்கு ஒரு தம்பி இருந்துச்சுல்லா. அது வாடல்ல போகலை. வெள்ளையாக் காய்ச்சுது. நான்தான் பிடுங்கிட்டேன்."

உலகம்மை நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

"காயை என்ன செஞ்சிய?" என்று கேட்டார் தலைவர்.

"குப்பையில போட்டா யாராச்சும் பாத்துருவாவ. சந்தைக்கு அனுப்பினா யார் வீட்டுக் காய்னு கேப்பாவ. தோலைச் சீவிட்டா கொழம்புல எல்லாம் ஒரே நெறம்தான்." அவர் மனைவியைப் பார்த்தார். "நல்லா இருக்குன்னு நீ ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட."

அந்தக் குழம்பு உலகம்மைக்கு நன்றாக நினைவிருந்தது. இலையை வழித்து நக்காத குறையாகச் சாப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். தம்பிச் செடி போன துக்கத்திலும் வாய்க்கு ருசியாக ஒரு குழம்பு கிடைத்ததே என்று அன்றைக்கு அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இப்போது தன் வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் வாழ்ந்த இந்த மனிதரை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு பிடி ஆச்சு," என்றாள் பிரமு. அவள் குரலிலும் சந்தோஷம் இல்லை. "மத்த பிடி தேனீ கொண்டாந்தது. நான் சொன்னது சரிதானே?"

தேனீயையும் விசாரிப்பதுதான் முறை. தகவல் அனுப்பியதும் அது வந்து தலைவரின் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்தது. காலைக் காட்டச் சொன்னார். காட்டியது. காலில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. தூளைப் பார்த்து அது எந்த நிறத்து வீட்டுத் தூள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேறு கேள்விகளுக்கு அது பதில் சொல்லாததால் இரண்டு சொட்டு வெல்லத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

"எதுத்துப் பேச ஆள் இல்லைன்னா மம்பட்டியை எடுக்கலாம்," என்றார் தலைவர்.

ஒருவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தியின் விளிம்புக்கு வந்துவிட்டார். செல்லக்கனியின் இலைகள் எல்லாம் தொங்கிப்போயின. அதைப் பார்த்ததும் உலகம்மையின் திகைப்பு கோபமாக மாறியது. மகளைக் காப்பாற்ற இனி அவளைத் தவிர ஆள் இல்லை.

"இருங்க," என்றாள். "தேனீ வெள்ளையைத் தன் வீட்ல காய்ச்சுக் கொண்டாராது. எவுக வீட்டுப் பூவுல இருந்தோதான் எடுத்துட்டு வரணும். எந்த வீடுன்னு சொல்லிட்டு அப்புறமா மம்பட்டியை எடுங்க."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். "யார் வீட்லயாவது வெள்ளை உண்டா?"

"கிடையாது," என்று பெண்கள் பளிச்சென்று சொன்னார்கள். ஆண்களில் ஒருவர் நாற்காலியின் காலைப் பரிசோதித்தார். ஒருவர் செருப்பின் வாரை அவிழ்த்து மறுபடியும் மாட்டினார். வானத்தில் மேகம் இருக்கிறதா என்று சிலர் பார்த்தார்கள்.

"ஊர்ல ஒரு வீட்லயும் வெள்ளை இல்லை," என்றாள் உலகம்மை. "தேனீக்கு வெள்ளை கெடைக்க எடமே இல்லை. மிச்சம் இருக்கது உங்க குமரேசன்தான். மதினி, நான் தொடப் போனேன். நீங்களும் குமரேசனைத் தொட்டுச் சத்தியம் பண்ணிருங்க. அதுக்குப் பெறகு என் பிள்ளையை நானே பெயத்துட்டுப் போறேன்."

"பண்ணுதேன். எனக்கு என்ன பயம்?"

பிரமு மனசாட்சி உள்ள பெண். விறுவிறுவென்று பாத்தியில் இறங்கினாள். குமரேசனின் தண்டுக்கும் அவள் விரலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. பச்சைத் துணிக் கண்ணோடு தட்டுத் தடுமாறி ஓடிவந்த ஆவுடையப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் பிரமு. பையன் போயிருவான்."

பிரமு பிடித்த கையை உதறவில்லை.

"அவனுக்கு ஒரு அக்கா," என்றார் ஆவுடையப்பன். "நான் தீயல் கொழம்பா வச்சேன்."

"அன்னைக்கு என் தங்கச்சி வந்திருந்தா," என்றாள் பிரமு, எங்கோ பார்த்துக்கொண்டு. "அவளும் சாப்பிட்டா."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைவரின் மனைவி தலைவரைப் பார்த்தாள். தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாற்காலியில் ஒருத்தி தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அதற்கடுத்த நாற்காலியில் இன்னொருத்தி. நாலுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று வாடலில் போன பிள்ளைகளின் பேரையெல்லாம் ஒவ்வொருத்தியும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தந்த நாளின் குழம்பும் கூடவே நினைவுக்கு வந்தது. சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் போனார்கள். ஆண்களுக்கும் அது பேரதிர்ச்சிதான். தன் வீட்டில் மட்டும்தான் இந்த அசிங்கம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவன் வீட்டிலும் இதே குழம்புதான் கொதித்தது என்று அறிந்ததும், இத்தனை காலம் தனித்தனியாகப் பயந்ததை எண்ணிச் சிலருக்கு அழுகை வந்துவிட்டது.

"செல்லக்கனி மேல குத்தமில்லை," என்றார் தலைவர், துண்டுக்குள்ளிருந்தே. "அப்பன் ஒரு பிடி, அம்மை ஒரு பிடி. மொறைப்படிதான் பெத்திருக்கா. அவ இங்கயே இருக்கட்டும்."

குமரேசன் சுவர்ப் பக்கத்திலிருந்து மெதுவாகத் திரும்பினான். உலகம்மை செல்லக்கனியின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மகள் பிழைத்த சந்தோஷம் எவ்வளவு, தின்றுவிட்ட மகனுக்கான துக்கம் எவ்வளவு என்று அந்த அழுகையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரமு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக நாலாவது பிள்ளையின் காயைத் தொட்டுப் பார்த்தார்கள். வழவழவென்று, வெயிலில் கொஞ்சம் சூடாக இருந்தது. முத்துவெள்ளை என்று பேர் வைத்தார்கள்.

இனி மண்வெட்டியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கூட்டத்துக்கு எடுத்த மண்வெட்டியை மண் படாமல் வீட்டுக்குள் கொண்டுபோவது பொய்கைக்குளத்தில் ஆகாது. உலகம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அதை வாங்கிக்கொண்டாள். நல்லசிவனைப் பார்த்து, "வாங்க," என்றாள். அவர் பின்னாலேயே போனார்.

தங்கள் வீட்டுப் பாத்தியில், தம்பிச் செடி நின்ற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினாள்.

"சட்டையைக் கழத்தணுமா?" என்று கேட்டார் நல்லசிவன்.

"வேண்டாம். கெடக்கட்டும்."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி நின்றார். உலகம்மை மண்ணைத் தள்ளி, காலால் நன்றாக மிதித்து, இரண்டு குடம் தண்ணீர் விட்டாள். மண்வெட்டியை அடுத்த வீட்டுக்காரி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அவளிடமிருந்து தலைவரின் மனைவி வாங்கிப்போனாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லாப் பாத்திகளிலும் ஓர் ஆள் நின்றார். வேலிக்கு மேல் தலை தெரிந்ததால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் முடிந்தது. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும் வேளையை மட்டும் பிரமு மறக்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் நல்லசிவனின் இடது தோளில், சட்டைத் தையலைப் பிரித்துக்கொண்டு ஒரு மொட்டு வந்தது. பூத்தது, உதிர்ந்தது, பிஞ்சு இறங்கியது. பிஞ்சைக் காம்புத் தொப்பி மூடியிருந்ததால் நிறம் இன்னும் தெரியவில்லை. உலகம்மை தினமும் காலையில் வந்து தண்ணீர் விட்டுவிட்டு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"வெள்ளையாக் காய்ச்சா என்ன செய்வ?" என்று ஒருநாள் கேட்டார் நல்லசிவன்.

"பேரு வைப்பேன்."

அவர் கழுத்தைத் திருப்பித் தோளிலிருந்த பிஞ்சைப் பார்த்தார்.

"ஊதாவாக் காய்ச்சா?"

உலகம்மை காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு குழம்புக்குப் புளியை ஊறப்போட உள்ளே போனாள்.